சரிந்த மதிலை மீண்டும் கட்டும் முன், ஏன் சரிந்தது என்று எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகத்தில் மழை இறங்கிவிட்டால் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி இது: வீட்டின் பின்புற மண்மேடு சரிந்து விழுந்தது, பாதுகாப்பு மதில் இடிந்தது, குடும்பத்தினர் மயிரிழையில் தப்பினர், அல்லது தப்பவில்லை. காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் கடும் மழை என்று இரண்டு சொல்லோடு செய்தி முடிந்துவிடும். அதே மழையில், அதே சரிவில், பத்தடி தள்ளி நின்ற மதில் ஏன் அசையவில்லை என்று எவரும் கேட்பதில்லை. சில மாதங்களில் விழுந்த இடத்திலேயே, விழுந்த கற்களைக் கொண்டே, விழுந்த முறையிலேயே புது மதில் எழும்புகிறது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழை மலையக மாவட்டங்களைச் சிதைத்த பிறகு, எங்கு பார்த்தாலும் மதில் வேலையும் வீதி வேலையும்தான். இந்த நேரத்தில் கட்டப்படுபவை அடுத்த பல ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகளின் தலைக்கு மேலே நிற்கப்போகின்றன. ஆகவே, கட்டட வேலையிலும் மண் சார்ந்த பொறியியலிலும் ஈடுபட்டுள்ள நாங்கள் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். விழுந்த ஒவ்வொரு மதிலும் சரிந்த ஒவ்வொரு மேடும் ஏன் அப்படி ஆயிற்று என்பதை, மீண்டும் கட்டுவதற்கு முன்பே, ஒரு பக்கத்திலாவது எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது விளங்க, ஒரு சாதாரண மதிலை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மீற்றர். அடியில் 1.5 மீற்றர் அகலம், தலையில் அரை மீற்றர். கருங்கல்லும் சீமெந்தும் சேர்த்துக் கட்டியது. நீளவாக்கில் ஒரு மீற்றர் துண்டை மட்டும் பார்த்தால் அதன் எடை ஏறக்குறைய 6.6 தொன். அடிமண்ணோடு உள்ள உராய்வு அதை வழுக்காமல் பிடித்து வைத்திருக்கும் பலம் சுமார் 3.6 தொன். மதிலுக்குப் பின்னால் வடிந்து உலர்ந்த, நல்ல மண் இருந்தால் அது இந்தத் துண்டைத் தள்ளும் விசை சுமார் 2.7 தொன். மதில் நிற்கும். இப்போது பின்புறம் உச்சிவரை தண்ணீர் தேங்கிவிட்டது என்று வையுங்கள். நீரில் மூழ்கிய மண்ணின் தள்ளல் பாதியாகக் குறைந்து 1.35 தொன்னுக்கு வரும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 4.5 தொன் தள்ளும். கூட்டினால் 6 தொன்னுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. பிடித்து வைத்திருக்கும் பலமோ 3.6 தொன்தான், அதுவும் அடியில் தண்ணீர் புகுந்தால் இன்னும் குறையும். இந்த மதில் விழாமல் இருந்தால்தான் வியப்பு. கல்லும் அதேதான், சீமெந்தும் அதேதான், கட்டிய பாஸும் (மேசனும்) அதே ஆள்தான். நிற்பதா விழுவதா என்பதை முடிவு செய்தது பின்னால் தேங்கிய தண்ணீர்.

தண்ணீர் வெளியேற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் பீவீசீ குழாய்த் துண்டுகளை மதிலில் பதிக்கிறார்கள். ஆனால் பல மதில்களில் அந்தக் குழாய் பார்வைக்கு மட்டும்தான். பின்பக்க வாய் சாந்தால் அடைபட்டிருக்கும். இல்லாவிட்டால் பின்னால் சல்லிக்கல் போடாமல், வெட்டி எடுத்த களிமண்ணையே தள்ளி நிரப்பியிருப்பார்கள். முதல் மழையிலேயே குழாய் சேறு கட்டிவிடும். சில இடங்களில் கீழ் வரிசைக் குழாய்களை மறைத்து முன்னால் கொங்கிரீட் கான் (வடிகால்) போட்டுவிடுகிறார்கள். சரியான முறை ஒன்றும் புதிரானதல்ல. 75 மில்லிமீற்றர் குழாய்கள், ஒன்றரை மீற்றருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வைக்க வேண்டும். மதிலின் முதுகை ஒட்டி அடியிலிருந்து தலைவரை 300 மில்லிமீற்றர் தடிப்பில் சல்லிக்கல் நிரப்பு. சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் நுண்மண் தண்ணீரோடு சல்லிக்குள் இறங்கி, ஒன்று சல்லியை அடைத்துவிடும், அல்லது குழாய் வழியே வெளியே போய் மதிலுக்குப் பின்னால் பொந்து விழும். முற்றத்து நிலம் மதிலோரமாகக் குழிவதைக் கண்டால் இதுதான் நடக்கிறது. மேலே, மதிலின் தலைக்குப் பின்னால், மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிப் போக ஒரு கான். உங்கள் வீட்டு மதில் எப்படி என்று அறிய விரும்பினால் இரண்டு நாள் தொடர் மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். மேலே மண் ஊறிக் கிடக்கக் குழாய்கள் காய்ந்திருந்தால் அவை வேலை செய்யவில்லை. தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. கலங்கல் நீர் தொடர்ந்து வந்தால் பின்னாலுள்ள மண் கரைந்து வெளியேறுகிறது.

மதிலைத் தள்ளும் மண்ணைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் கூலோம். கரிபியன் தீவான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். 1773இல் பாரிஸில் வாசித்து 1776இல் அச்சான அவருடைய கட்டுரை, மதிலுக்குப் பின்னால் மண் ஆப்பு வடிவில் பிரிந்து சறுக்கும் என்று காட்டியது. அதுவரை மதில்களின் தடிப்பு பெரும்பாலும் அனுபவ அளவுகளை நம்பியே இருந்தது. ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய பிறகும் களிமண் கரைகள் சரிந்தன. அலெக்சாண்டர் கொலான் என்ற இன்னொரு பிரெஞ்சுப் பொறியியலாளர் கால்வாய்க் கரைச் சரிவுகளைத் தோண்டி அளந்து, களிமண் வளைந்த பரப்பின் வழியே சறுக்குகிறது என்று 1846இல் படங்களோடு வெளியிட்டார். எவரும் கவனிக்கவில்லை. ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழித்து, 1916இல் சுவீடனின் கோதன்பர்க் துறைமுக மேடை சரிந்தபோது, அதே வளைவை அந்நாட்டார் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுவீடன் அரச புகையிரதத் துறை 1914இலேயே ஒரு குழுவை அமைத்து, பாதையோரச் சரிவுகளை ஒன்றொன்றாகத் துளையிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தது. 1922இல் வெளிவந்த அதன் அறிக்கையும் அந்நாட்டார் வகுத்த வட்டச் சறுக்கு முறையும்தான் இன்றும் நாங்கள் ஒரு சரிவைக் கணக்கிடும்போது தொடங்கும் இடம். கொலான் எழுதியதும் நல்ல நூல்தான். படிக்க ஆளில்லாததால் இடைப்பட்ட காலத்தில் அது யாருக்கும் பயன்படவில்லை.

தண்ணீர் மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை 1920களில் விளக்கியவர் கார்ல் டெர்சாகி. மழையில் மண் வழுக்கலாகிவிடுவதால் சரிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அவற்றுக்கிடையே உராய்வு இருக்கும். துகள்களுக்கு நடுவே நீர் நிறைந்து அதன் அழுத்தம் ஏறும்போது, மேலுள்ள சுமையில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்கிறது. துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. சரிவின் எடை குறையவில்லை, பிடித்திருக்கும் பலம் மட்டும் குறைந்துவிட்டது. மழை விட்ட பிறகும், வெயில் அடிக்கும் காலையிலும் மண்மேடு சரிவதற்கு இதுவே காரணம். மேலே பெய்த நீர் உள்ளே இறங்கி அழுத்தத்தை ஏற்ற நேரம் எடுக்கும். மழை நின்றுவிட்டதே என்று இடம்பெயர்ந்தவர்கள் உடனே வீடு திரும்பக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

இந்த அறிவு நம் நாட்டிலேயே வேலை செய்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் மலையகப் புகையிரதப் பாதையை அசைத்த மண்சரிவைக் கட்டுப்படுத்தியது பெரிய மதில் எதுவும் அல்ல. மலைக்குள் நீளமாகத் துளையிட்டு வடிகுழாய்களைச் செலுத்தி நிலத்தடி நீரின் மட்டத்தை இறக்கினார்கள். மலையை எந்த மதிலாலும் பிடித்து நிறுத்த முடியாது, அதற்குள் இருக்கும் தண்ணீரை இறக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எங்கள் நிலத்துக்கு மிக நெருக்கமான பாடம் ஹொங்கொங்கில் இருக்கிறது. அங்கும் செங்குத்தான மலை, ஆழமாக உக்கிய பாறை மண், கொட்டும் மழை, இடநெருக்கடி. 1972 ஜூன் 18ஆம் திகதி ஒரே நாளில் சாவ் மாவ் பிங்கில் 71 பேரும் போ ஷான் வீதியில் 67 பேரும் மண்சரிவில் மாண்டார்கள். அரசு விசாரணை நடத்தியது. 1976 ஓகஸ்டில் அதே சாவ் மாவ் பிங்கில் இன்னொரு மேடு சரிந்து 18 பேர் இறந்தார்கள். இரண்டாவது விசாரணை மண்ணைத் தோண்டிப் பார்த்துக் கண்டது இதுதான்: சாவ் மாவ் பிங்கில் சரிந்தவை வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டி, உரிய முறையில் இறுக்காமல் விட்ட நிரப்பு மேடுகள். தளர்ந்த மண் நீரில் நிறைந்ததும் குழம்பாகிப் பாய்ந்தது. தீர்வும் தெளிவாக வந்தது. அத்தகைய மேடுகளின் மேற்பரப்பில் குறைந்தது 3 மீற்றர் மண்ணை அகற்றி, வடிகால் படை போட்டு, படை படையாக இறுக்கி மீண்டும் நிரப்ப வேண்டும். 1977இல் சரிவுகளுக்கென்றே ஒரு பொறியியல் அலுவலகத்தை அமைத்தார்கள். அது நகரத்திலுள்ள செயற்கைச் சரிவுகளுக்கு இலக்கமிட்டுப் பதிவேடு தொடங்கியது. அங்கே இப்போதும் மேடுகள் சரிகின்றன. ஆனால் 1970களின் அளவில் உயிர்கள் போவதில்லை.

இப்போது நம் பக்கம் வாருங்கள். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்ட மலையை வெட்டுகிறோம். வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி முற்றத்தை அகலமாக்குகிறோம். வீட்டின் பின்பாதி வெட்டிய உறுதியான நிலத்திலும், முன்பாதி தள்ளிய மண்ணிலும் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் போனதும் நடுச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, முன்பக்கக் கதவு இறுகிக்கொள்கிறது. பூச்சு பூசி மூடுகிறார்கள், அடுத்த ஆண்டு மீண்டும் திறக்கிறது. நிரப்ப வேண்டிய கட்டாயம் இருந்தால், முதலில் புல்லையும் வேரையும் கறுத்த மேல்மண்ணையும் வழித்தெடுங்கள். சாய்ந்த நிலத்தைப் படிக்கட்டாக வெட்டிய பிறகே மண் போடுங்கள், இல்லாவிட்டால் புதுமண் பழைய சாய்விலேயே வழுகும். ஒரு படை 200 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படையையும் இறுக்கிய பிறகே அடுத்தது. மழை பெய்யும் நாளில் இந்த வேலை கூடாது. அத்திவாரத்தை எப்படியாவது வெட்டிய நிலம்வரை இறக்கிவிடுங்கள். நிரப்பும் இடத்தில் ஊற்று இருந்தால் அதை மண்ணால் மூடாதீர்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் அபர்பான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு பாடசாலை மீது இறங்கி 116 சிறுவர்கள் உட்பட 144 பேர் இறந்ததற்குக் காரணம், அந்த மேட்டை ஊற்றுகளின் மேலேயே குவித்திருந்ததுதான். ஊற்று அங்கிருப்பது ஊராருக்கும் தெரியும், வரைபடத்திலும் இருந்தது. தோட்டத்தில் பழைய பீலி (ஊற்றுநீர் பிடிக்கும் இடம்) எங்கே இருந்தது என்று மூத்தவர்களைக் கேட்டாலே பாதி விபரம் கிடைத்துவிடும். வீட்டுக் காணி பிரிக்கும்போது அப்படிக் கேட்பதை ஒரு கட்டாய வேலையாகவே வைக்க வேண்டும்.

கூரைத் தண்ணீரையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 550 சதுர அடி வீட்டின் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றருக்கு மேல் சேரும். பீலித்தகரம் இல்லாமல் அது முழுவதும் வீட்டின் பின்பக்கம், வெட்டிய மேட்டின் அடியிலேயே விழுகிறது. அல்லது மேல் வீட்டுக் கூரை நீர் கீழ் வீட்டு மதிலின் தலையில் இறங்குகிறது. மேலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் ஓர் இணைப்பில் கசிந்தால் அது வறட்சியிலும் மழையிலும் இரவு பகலாக மண்ணை ஊறவைக்கும். தேயிலை மலையில் முன்பு ஒழுங்காக வெட்டித் துப்புரவாக வைத்திருந்த கான்கள் இன்று பல இடங்களில் மண் மூடிக் கிடக்கின்றன. மேலே அடைபட்ட ஒரு கான் கீழேயுள்ள லயனின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) உயிர்ப்பிரச்சினை. இதைச் சரிசெய்ய மண்வெட்டியும் ஆளும் போதும், திட்டமோ நிதியோ தேவையில்லை.

பாதுகாப்பு மதிலில் நாங்கள் காணும் இன்னொரு பெரிய பிழை, கட்டி முடித்த பிறகு மாற்றுவது. முற்றம் போதவில்லை என்று 2 மீற்றர் மதிலின் மேல் இன்னும் ஒரு மீற்றர் ஏற்றுகிறார்கள். உயரம் ஒன்றரை மடங்காகத்தான் ஆனது. ஆனால் மண்ணின் தள்ளல் இரண்டேகால் மடங்காகிறது, மதிலைக் கவிழ்க்கும் விசை மூன்று மடங்கையும் தாண்டுகிறது. அடியின் அகலமோ பழையபடியே. கனடாவின் கியூபெக் பாலம் விழுந்தது இதே வகைப் பிழையால். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்ப உரிய நேரத்தில் திருப்பிக் கணக்கிடவில்லை. கீழ்ப்பக்க உருக்கு உறுப்புகள் வளையத் தொடங்கியதை வேலைத்தலத்தில் இருந்தவர்கள் கண்டு அளந்தும் வைத்தார்கள். அது ஏற்கெனவே இருந்த வளைவா, புதிதாக வந்ததா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்க வேலை தொடர்ந்தது. 1907 ஓகஸ்ட் 29ஆம் திகதி பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். மதிலில் வயிறு தள்ளியிருக்கிறதே, அது பழையதுதானே என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்கு அந்த விவாதம் நினைவுக்கு வருகிறது. பழையதா புதியதா என்று தெரிய அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். வெடிப்பின் இரு பக்கமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து, திகதியோடு சுவரிலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை, மழை நாட்களில் தினமும். கூடிக்கொண்டே போனால் அங்கே படுக்காதீர்கள்.

சிறிய மாற்றமும் பெரிய உயிர்ச்சேதம் செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் நகர ஹோட்டல் நடைபாலங்கள் சாட்சி. மேல் நடைபாலத்தையும் கீழ் நடைபாலத்தையும் ஒரே நீள இரும்புக் கம்பியில் தொங்கவிடுவதாக வரைபடம். கட்டுபவர்களின் வசதிக்காகக் கம்பியை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். மேல்பாலத்தைத் தாங்கிய கம்பியின் சுரை (நட்) ஏற்க வேண்டிய சுமை இரு மடங்காகிவிட்டது. அதை எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1981 ஜூலை 17ஆம் திகதி 114 பேர் இறந்தார்கள். நம் ஊரில் இரண்டு மாடிக்குப் போட்ட தூண்களில் நாலாம் தட்டு ஏறும்போதும், 12 மில்லிமீற்றர் கம்பி கிடைக்காததால் 10 மில்லிமீற்றரை அதே எண்ணிக்கையில் போடும்போதும் நடப்பது அதுதான். கம்பியின் பலம் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. 10 மில்லிமீற்றர் கம்பியில் 12இன் 70 வீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். மாற்றியே ஆக வேண்டுமானால் இரண்டு 12க்கு மூன்று 10 போட வேண்டும்.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் டே பாலத்தைச் சொல்ல வேண்டும். 1879 டிசம்பர் 28ஆம் திகதி இரவுப் புயலில் அது புகையிரதத்தோடு ஆற்றில் விழுந்து 59 முதல் 75 பேர்வரை இறந்தார்கள். புயலே காரணம் என்று முடித்துவிடவில்லை. வர்ணம் பூசியவர்கள், வார்ப்பாலையில் இரும்பு ஊற்றிய தொழிலாளர்கள் என எல்லோரையும் கூப்பிட்டுப் பகிரங்கமாகக் கேட்டார்கள். அப்போதுதான் வெளியே வந்தது: வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகளைத் தேன்மெழுகும் இரும்புத்தூளும் கரியும் கலந்த பசையால் அடைத்து, மேலே தேய்த்து மறைத்திருக்கிறார்கள். காற்றின் அழுத்தத்துக்கு வடிவமைப்பில் தனியாக இடமே விட்டிருக்கவில்லை. அதற்குப் பின் 1890இல் திறந்த போர்த் பாலத்தை ஒரு சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தம் தாங்கும்படி கட்டினார்கள். அது இன்றும் புகையிரதம் சுமக்கிறது. நம் கட்டடங்களில் பலகை கழற்றியதும் கொங்கிரீட் தூணில் தேன்கூடுபோல் சல்லி தெரிந்தால், பொறியியலாளர் வருமுன் சாந்து பூசி மூடுவது அந்தப் பசைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. தளர்ந்த பகுதியைக் கம்பிவரை கொத்தி எடுத்து, கழுவி, சுருங்காத சாந்தால் நிரப்ப வேண்டும். ஆழமாக இருந்தால் தூணையே உடைக்க வேண்டும். கொங்கிரீட் ஓடவில்லை என்று கலவையில் தண்ணீர் கூட்டாமலும், ஊற்றும்போது வைப்ரேட்டரை நிறுத்தாமலும் இருந்தால் இந்த நிலைமையே வராது.

பழைய வெள்ளைக்காரன் காலத்து மதில்கள் நிற்கின்றனவே என்று சொல்பவர்கள் உண்டு. அவற்றில் பல சீமெந்து இல்லாத கல்லடுக்குகள். ஒவ்வொரு கல் இடுக்கும் தண்ணீர் வெளியேறும் வழி. நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காலத்தில் விழுந்தவை இன்று நம் கண்ணில் படாது. நிற்பதை மட்டும் பார்த்துப் பழையதெல்லாம் சிறந்தது என்று முடிவுக்கு வருவது தவறு.

சொல்லியும் கேளாத கதை மலையகத்தில் ஒன்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தவில் லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பவர்களை மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் தெரிவித்திருந்தது. அறிவு இருந்தது, ஏட்டிலும் இருந்தது. அது அலுவலகக் கோவைக்குள் இருந்ததால், அந்த லயன்களில் படுத்து எழுந்தவர்களின் கையில் போதிய பலமாகச் சேரவில்லை. எங்கள் கோரிக்கையில் எல்லோரும் பார்க்கும்படி என்ற வார்த்தையை விட்டுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் மீரியபெத்த.

வெளிப்படையாக வைப்பதால் நன்மை உண்டென்பதற்குப் பலாங்கொடைக்கு அருகிலுள்ள சமனலவெவ நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம். 1992இல் நீர் நிரப்பியபோது வலது கரை மலை வழியே தண்ணீர் பீறிட்டது. சீமெந்துக் குழம்பு செலுத்தியும், பின்னர் நீர்த்தேக்கத்தின் அடியில் மண் கொட்டியும் முழுமையாக அடைக்க முடியவில்லை. அதற்காகப் பிழையை மறைக்கவில்லை. கசிவைத் தொடர்ந்து அளந்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதி, வெளியேறும் நீரைக் கீழுள்ள வயல்களின் பங்காகவும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததும் இதே அளவு தெளிவோடு, தமிழிலும் சிங்களத்திலும், ஒவ்வொரு கிராமத்துக்கும் எழுதித் தரப்பட வேண்டிய பாடம். சுரங்க முனைக்கு முன்னால் துளையிட்டுப் பார்த்து, நீர் வரும் வெடிப்புகளை அடைத்த பிறகே முன்னேற வேண்டும் என்பது உலகம் பல சுரங்கங்களில் அடிபட்டுக் கற்றது.

இனி நடைமுறைக்கு. நாங்கள் கேட்கும் அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? இடம், திகதி, நேரம். முந்திய மூன்று நாள் மழை எவ்வளவு. வெட்டின் உயரமும் சாய்வும், வெட்டிய நிலமா நிரப்பிய நிலமா. மதிலின் அடி அகலம், அத்திவார ஆழம். பின்னால் சல்லி இருந்ததா, குழாய்கள் திறந்திருந்தனவா. உடைந்த மதிலின் முதுகைப் பார்த்தாலே இது தெரியும், ஆனால் கற்களை அள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டும். மேலிருந்து எந்த நீர் வந்தது. கட்டிய பிறகு என்ன மாற்றினார்கள். நான்கு படங்கள், அவற்றில் ஒன்றில் அளவுக்கோல் தெரிய வேண்டும். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இது அரைநாள் வேலை. தோட்டக் காணியானால் தோட்ட நிர்வாகமும் கையொப்பமிட வேண்டும். கட்டியவர் பெயர் தேவையில்லை. யாரைப் பிடித்து உள்ளே போடலாம் என்று தேடும் விசாரணையில் எவரும் உண்மை பேச மாட்டார்கள். உயிரிழப்பு நேர்ந்தால் பொலிஸ் விசாரணை தனியாக நடக்கட்டும். பிரித்தானியாவில் 2005 முதல் கட்டடக் குறைகளைப் பெயர் வெளியிடாமல் தெரிவித்து, அதன் பாடத்தை எல்லாப் பொறியியலாளர்களுக்கும் அனுப்பும் ஏற்பாடு இயங்குகிறது. நம்மால் முடியாத காரியம் அல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் பொறுப்பேற்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகங்கள் வழியே ஆண்டுக்கொரு தொகுப்பு கொண்டுவரலாம். தங்கள் பத்திரிகையும் மழைக்காலத்தில் வாரம் ஒரு பக்கத்தை அச்சிடலாம்.

மக்களிடமும் ஒரு வேண்டுகோள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மழை அளவை வைத்து வருவது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ வெளியேற்றம். ஆனால் ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் மழை ஒன்றல்ல. செங்குத்தான பக்கமும் தட்டையான அடியும் உள்ள ஒரு தகர டப்பாவை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, காலை ஆறு மணிக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மீண்டும் வையுங்கள். ஒரு லயனுக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். அந்தக் கொப்பியின் பிரதி பிறகு ஏதாவது சரிந்தால் நாங்கள் மேலே கேட்ட பக்கத்தின் இரண்டாம் வரியை நிரப்பும்.

கடைசியாக, கேள்விப்பத்திரம் (டெண்டர்) தயாரிப்பவர்களுக்கு. மதில் வேலைக்கு விலை கோரும்போது சல்லி நிரப்பு, வடிகட்டித் துணி, குழாய், தலைக்கான் ஆகியவற்றை மதிலின் கன அளவோடு சேர்த்து ஒரே வரியில் போடாதீர்கள். தனித்தனி வரியாக, தனித்தனி அளவும் விலையுமாகப் போடுங்கள். ஒரே வரியில் போட்டால் முதலில் விடுபடுவது அவைதான், ஏனெனில் மண் மூடிய பிறகு அவை வெளியே தெரிவதில்லை. மதிலின் முதுகில் மண் நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு ஒரு மீற்றர் உயரத்துக்கும் படம் எடுத்து, அந்தப் படங்கள் கோவையில் சேர்ந்த பிறகே அந்த வரிகளுக்குக் கொடுப்பனவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கட்டட, மண் பொறியியல் துறையினர் சிலர்,
நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்.